கிட்கி வழி

தம்பி நயீம் அகமது செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தபோதே குர்ஷித்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. கூட வந்தவர் கையில் அளவு டேப் வேறு இருந்தது. அவர் பெயர் ஜெயசீலன். வாணியம்பாடியில் பழைய வீடுகளை வாங்கி இடித்து அடுக்குமாடி கட்டுகிறவர். வந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. டேப்பின் ஒரு முனையை நயீமிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு முற்றத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"அங்கயே நில்லுங்க சார்," என்றாள் குர்ஷித். "அதுக்கு உள்ள பொம்பளைங்க இருக்கற எடம்."

உள்ளே இருந்த பொம்பளை அவள் ஒருத்திதான். ஆனால் ஷூ கம்பெனியில் ஒரு தையல் வரிசை முழுவதையும், அத்தனை மிஷின் சத்தத்துக்கும் மேலே, தன் குரலாலேயே நடத்துகிற சூப்பர்வைசர் அவள். ஜெயசீலன் வைத்த காலை எடுக்காமல் நின்றார்.

அந்தக் காலத்துத் தோல் வியாபாரிகள் சுலைமான்பேட்டையில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் அது முதல் வீடு. குர்ஷித்தின் கொள்ளுத்தாத்தா பதனிட்ட ஆட்டுத்தோலைச் சீமைக்கு அனுப்பிச் சம்பாதித்து, பர்மாத் தேக்கையும் இரும்புத் தூண்களையும் கலர் கண்ணாடிகளையும் கப்பலில் வரவழைத்தவர். முகப்பு முழுக்கச் சுண்ணாம்பில் திராட்சைக்கொடி. மாடியில் மரப் பால்கனி. அதன் உச்சியில் கட்டின வருஷம் 1911 என்று, தெருவில் போகிறவன் தலையைத் தூக்கிப் பார்த்தே ஆகவேண்டிய அளவுக்குப் பெரிதாக. தெருவைப் பார்த்த இந்த முன்பகுதிக்கு மர்தானா என்று பேர், ஆண்களுக்கும் அவர்களைப் பார்க்க வருகிறவர்களுக்கும் உரியது. முற்றமும் கிணறும் சமையற்கட்டும் இருக்கிற பின்பகுதி ஜனானா, பெண்களுக்கு. காசை எல்லாம் முன்னால் கொட்டிவிட்டு, பின்னால் காற்றையும் வெயிலையும் விட்டு வைத்திருந்தார் பெரியவர். குர்ஷித்துக்கு அதில் மனக்குறை ஒன்றும் கிடையாது. அந்த முன்பக்கத்தைப் பெருக்கித் துடைத்து இடுப்பு விட்டுப்போனவளும் அவள்தான், அதன் கலர் கண்ணாடி வெளிச்சம் காலையில் தரையில் விழும்போது இன்றைக்கும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறவளும் அவள்தான்.

கல்யாணம் செய்து போன இடம் சரியில்லை என்று தெரிந்ததும், யார் பேச்சையும் கேட்காமல் தானே மணவிலக்கு வாங்கிக்கொண்டு இங்கே திரும்பினவள். அம்மாவைக் கடைசிவரை இங்கேயே வைத்துப் பார்த்தாள். தம்பி நயீம் சென்னைப் பெரியமேட்டில் தோல் வியாபாரம் செய்கிறான். பெருநாளுக்குப் பெருநாள் வந்து, முகப்பின் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவான்.

"ஆபா, நீயே பாரு," என்றான் நயீம் அக்காவிடம். "மழை வந்தா ஒழுவுது. சுவரெல்லாம் உப்பு பூத்துப்போச்சு. ஒண்டியா கெடக்கற. ரெண்டாவது மாடில உனக்கு ஒரு பிளாட் தர்றேன்றாரு சார். லிஃப்ட் கூட இருக்குது."

"எனக்கு முட்டி நல்லாதான் இருக்குது."

"வெளையாடாத. முறைப்படி எனக்கு ரெண்டு பங்கு, உனக்கு ஒரு பங்கு. பிரிச்சிக்கலாம். முன்பக்கம் என்னுது, பின்பக்கம் உன்னுது. என்னுத நான் சாருக்குக் குடுத்துட்றேன். அப்புறம் நீ எப்பிடி வெளிய வருவ?"

"கிட்கி இருக்குது."

நயீம் சிரித்தான். ஜெயசீலனுக்குப் புரியவில்லை.

கிட்கி என்றால் அந்தத் தெருவில் ஜன்னல் இல்லை. ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளின் பின்பகுதிகளுக்கு நடுவே, பொதுச்சுவரில் வைத்த சின்னக் கதவு. தெருவில் இறங்காமலே பெண்கள் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை போய்வருவார்கள். பிரசவத்துக்கும் சாவுக்கும், உப்புக் கடனுக்கும் வாய்ச்சண்டைக்கும் அதுதான் வழி. இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் உண்டு. பகலில் எந்த வீட்டுக்காரியும் போடமாட்டாள். மீசை அரும்பினதும் பையன்களுக்கு அந்த வழி மூடிவிடும். நயீமும் அதன் பிறகு அந்தப் பக்கம் எட்டிப்பார்த்தது கிடையாது.

குர்ஷித்தின் வீட்டுக்கு ஒருபக்கமும் பின்பக்கமும் தோல் கிடங்கின் மொட்டைச் சுவர். மறுபக்கத்து வீட்டை, சில வருஷங்களுக்கு முன்னால், நாட்றம்பள்ளியிலிருந்து வந்த பஞ்சாட்சரம் குடும்பம் வாங்கியது. டேனரிகளுக்குக் கெமிக்கல் விற்கிறவர் அவர். தங்கமான மனிதர்கள்தான். ஆனால் குர்ஷித் பக்கத்துக் கிட்கியை அவர்கள் கதவாகவே நினைக்கவில்லை. அதை ஒட்டிப் பூஜை அலமாரியைப் பொருத்தி முருகனைக் குடிவைத்துவிட்டார்கள். வரிசையில் மற்ற வீடுகளுக்குள் இன்றைக்கும் பெண்கள் போய்வருகிறார்கள். குர்ஷித் மட்டும் தெருவைச் சுற்றித்தான் போகவேண்டியிருந்தது.

"அவங்க சாமிய நவுத்திட்டு உனக்கு வழி விடுவாங்களா?" என்றான் நயீம். "வெள்ளிக்கிழமை ஜமாத்துல பெரியவங்கள வெச்சிப் பேசிடலாம். அதுக்குள்ள யோசி."

அன்று சாயங்காலமே குர்ஷித் பக்கத்து வீட்டுக்குப் போனாள். பஞ்சாட்சரத்தின் மனைவி ஹேமலதா பூஜை அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். குர்ஷித் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். ஹேமலதாவின் கை நின்றது.

"முருகர் கெழக்க பாத்து இருக்கார்க்கா," என்றாள் தயக்கத்தோடு. "இந்தச் சுவர விட்டா வேற எடம்…"

கூடத்திலிருந்து பஞ்சாட்சரம் எழுந்து வந்தார். கோபப்படவில்லை, அதுதான் குர்ஷித்துக்கு எரிச்சலாக இருந்தது. "நீங்க வந்து போறதுக்கு இன்னாம்மா, முன்வாசல் தெறந்துதான் கெடக்குது. இந்தக் கதவு மட்டும் வேணாம். ஒருநாள் தெறந்தா அப்புறம் அதுவே வழின்னு ஆயிடும். நாளைக்கு வீட்ட விக்கறதுன்னா பேஜார்."

"யார் விக்கறது?" என்றாள் ஹேமலதா.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்," என்று அவர் மறுபடியும் டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். குர்ஷித் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வெளியே வந்தாள். தெருவில் நின்று தன் வீட்டு முகப்பைப் பார்த்தாள். அழுகை வரும் போலிருந்தது, வரவிடவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆண்கள் மர்தானாவில் கூடினார்கள். பெண்கள் பேச வேண்டியிருந்தால் உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்று பேசுவதுதான் அந்த வீட்டு வழக்கம். குர்ஷித் முற்றத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, அவர்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"திரை எங்கம்மா?" என்றார் பள்ளிவாசல் முத்தவல்லி.

"தோச்சிப் போட்டிருக்கேன். இன்னும் காயல."

முத்தவல்லி நியாயமான மனிதர். பாகப்பிரிவினையைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். "பங்கு சரிதான் நயீம். ஆனா வாசலே இல்லாத வீட்ட ஒரு பொம்பளைக்குக் குடுத்தா நாளைக்கு ஊரு இன்னா பேசும்? பக்கவாட்டுல ஒரு சந்து விடு."

"அங்கதான் சார் லிஃப்ட் வருது," என்றார் ஜெயசீலன். "பிளான் போட்டாச்சு. எதுக்கு சந்து? கொஞ்ச நாள் போனா அக்காவே பின்பக்கத்தையும் நம்மகிட்ட குடுத்துடுவாங்க. பக்கத்து வீடும் நமக்குத்தான் வருது. பஞ்சாட்சரம் சார் வாக்கு குடுத்துட்டாரு. அப்புறம் அக்காவுக்கு எந்தப் பக்கமும் ஆளே இருக்காது."

நயீம் அவர் காலை மிதித்தது குர்ஷித்தின் கண்ணில் பட்டது. மனசு இளகினவன் போல உடனே அவன், "சரி, ஆபா கேட்டா ஒரு சந்து விடச் சொல்றேன். கேக்கட்டும்," என்றான்.

கேட்டிருக்கலாம். ஒரு வாய் கேட்டிருந்தால் ஒரு ஆள் ஒடுங்கிப் போகிற வழியாவது கிடைத்திருக்கும். ஆனால் பிறந்த வீட்டில், அம்மாவின் உடம்பைத் துடைத்து விட்ட கையோடு, தம்பியிடம் நடைபாதை பிச்சை கேட்பதா? புத்தி கேள் என்றது. கோபம் அதைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளியது.

"சந்து வேணாம்," என்றாள் குர்ஷித். "வேணாம்னு நானே சொன்னதா எழுதிக்கங்க. முன்பக்கம் அவனோட, பின்பக்கம் என்னோட. முன்பக்கத்துல எனக்கு வழி இல்ல, பின்பக்கத்துல அவனுக்கு வழி இல்ல."

"யோசிச்சுதான் பேசறியாம்மா?" என்றார் முத்தவல்லி.

"யோசிச்சிட்டேன்."

யோசிக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்து கிணற்றடியில் உட்கார்ந்தபோதுதான் பயம் வந்தது. வீராப்புப் பேசி வாசலை எழுதிக்கொடுத்தாகிவிட்டது, இருக்கிற ஒரே கதவுக்கு அந்தப் பக்கம் முருகன் நிற்கிறார்.

மறுநாள் மொட்டை மாடியில் ஹேமலதா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கைப்பிடிச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று குர்ஷித் நடந்ததைச் சொன்னாள். கதவைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. ஜெயசீலன் சொன்ன வாக்கை மட்டும் சொன்னாள்.

ஹேமலதா கையிலிருந்த புடவையைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த புடவைதான்.

"வாக்கா? எவரு குடுத்தாரு?"

"உங்க வீட்டுக்காரருதான்."

"வீடு எம்பேர்லக்கா இருக்குது. எங்கப்பா போட்ட நகை அத்தனையும் வித்து வாங்கினது. எனக்குத் தெரியாம எப்பிடி வீட்ட விப்பாரு இவரு?" அதற்கு மேல் பேசவில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படி இறங்கிப் போய்விட்டாள். கதவைத் திறப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் இடிக்க ஆரம்பித்தார்கள். மரப் பால்கனியைப் பெங்களூரில் யாரோ ஓட்டல் கட்டுகிறவர் வாங்கிக்கொண்டு போனார். கலர் கண்ணாடிகளைத் தினசரிப் பேப்பரில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள். இரும்புத் தூண்கள் எடைக்குப் போயின. திராட்சைக்கொடியின் மேல் சம்மட்டி விழுந்த அன்று குர்ஷித் கம்பெனிக்கு லீவு போட்டு, முற்றத்தில் நின்று, வாய்விட்டு அழுதாள். வரிசையில் மூன்றாவது வீட்டுத் தூபா தெருப்பக்கமாக ஓடி வந்து, இடிந்த செங்கல் மேல் ஏறி நின்று கூப்பிட்டாள்.

"ஆபா, சுவரு எழுப்பறதுக்குள்ள எங்க வீட்டுக்கு வந்துடு. உள்ள வெச்சிக் கட்டிடுவானுங்க."

"கட்டட்டும். நான் என் வீட்டுலதான் இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் ஜனானாவுக்கு முன்னால் ஹாலோ பிளாக் சுவர் தலைக்கு மேலே எழும்பி முடிந்தது. பூசக்கூட இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் தெருவைப் பார்த்து நிமிர்ந்து நின்ற வீட்டுக்கு அப்படி ஒரு முகம். குர்ஷித் அடுப்பு மூட்டிச் சோறாக்கினாள், சாப்பிட்டாள், படுத்தாள். தூக்கம் மட்டும் பக்கத்தில் வரவில்லை.

திங்கள் காலை. கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிற நேரம். குர்ஷித் புர்காவை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கிட்கியின் தன் பக்கத்துத் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவைத் தள்ளினாள். அசையவில்லை. விரல் முட்டியால் தட்டினாள். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தரம் தட்டுவதா, மாடி ஏறித் தெருவைப் பார்த்துக் கத்துவதா என்று அவள் நின்றபோது பஞ்சாட்சரத்தின் குரல் கேட்டது.

"வேணாம் ஹேமா. சொன்னாக் கேளு."

"நீங்க நவுருங்க."

எட்டு வருஷத்துத் துரு பிடித்த தாழ்ப்பாள் கீச்சென்று முனகி, நின்று, மறுபடி முனகியது. கதவு திறந்தது. ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஹேமலதா நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவர் காலியாக இருந்தது, அலமாரி இருந்த இடம் மட்டும் பழைய சுண்ணாம்பு நிறத்தில்.

"கிருத்திகையும் அதுவுமா முருகர ஹாலுக்கு மாத்திட்டேன்க்கா," என்றாள். "அங்கயும் கெழக்க பாத்துதான் இருக்காரு. டிவிதான் எடம் இல்லாம தரையில உக்காந்துனு இருக்குது."

குர்ஷித் குனிந்து கிட்கியைத் தாண்டினாள். ஹேமலதாவின் கையைப் பிடித்தாள். வேன் மறுபடி ஹாரன் அடித்தது. சமையற்கட்டைத் தாண்டி, தரையில் கிடந்த டிவியைத் தாண்டி, பேப்பருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்ட பஞ்சாட்சரத்தைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். எதிரே கம்பி வெட்டிக்கொண்டிருந்த ஜெயசீலனின் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள். அவள் வேனில் ஏறுகிறவரை நிதானமாக நடந்தாள்.

அதன் பிறகு தினமும் அதே வழிதான். தூபாவும் மற்றவர்களும் சாயங்காலங்களில் வரிசை நெடுக நடந்து குர்ஷித்தின் முற்றத்துக்கு வரத் தொடங்கினார்கள். பஞ்சாட்சரம் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு பேப்பருக்கு மேலாக, "கம்பெனில ஆர்டர் கம்மியாமே?" என்று ஆரம்பித்தார். ஜெயசீலன் ஒருநாள் பழக்கூடையோடு ஹேமலதாவைப் பார்க்க வந்து, பழக்கூடையோடு திரும்பினார். குர்ஷித்தின் பின்பகுதியும் ஹேமலதாவின் வீடும் சேர்ந்தால்தான் அவர் பிளானில் கார் நிறுத்த இடம் வரும். சேரவில்லை. தூண்கள் ஆள் உயரத்துக்கு எழும்பி, துருப்பிடித்த கம்பிகளோடு அப்படியே நின்றன.

நயீம் வந்தபோது தட்டுவதற்கு அவனுக்குக் கதவே இல்லை. ஹேமலதாவின் வீட்டு வாசலில் நின்று, அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வரும்வரை காத்திருந்தான். குர்ஷித் கூடத்துக்கு வந்தாள். அவன் தன் மகள் சானியாவின் நிக்காஹ்வைப் பற்றிச் சொன்னான். மாப்பிள்ளை ஆம்பூர், பெரிய இடம்.

"மெஹந்தி உன் முத்தத்துலதான் வெக்கணும்றா சானியா. மஹால் வேணாமாம். புப்பூ வீடுதான் வேணுமாம்."

"வெச்சிக்கட்டும். அவ வீடுதானே."

"மாப்பிள்ளை வீட்டுலயும் கேக்கறாங்க ஆபா. சம்பந்தம் பேசறப்ப பரம்பரை வீடு இருக்குதுன்னு சொல்லியிருந்தேன். பழைய போட்டோவக் காட்டினேன். ஆம்பளைங்களும் வந்து பாக்கணும்றாங்க."

குர்ஷித் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான்.

"பொம்பளைங்க எத்தினி பேரு வேணா வரட்டும். ஹேமா வாசல் வழியா வரலாம், தூபா வாசல் வழியா வரலாம். எல்லாக் கிட்கியும் தெறந்து வெக்கறோம். ஆம்பளைங்க உக்கார்ற பக்கம் உன் பங்குல இருந்துச்சு நயீம். அத நீ வித்துட்ட."

மெஹந்தி அன்று ஆம்பூரிலிருந்து இரண்டு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். வரிசை முழுக்கக் கதவுகள் திறந்து கிடந்தன. கடைசி வீட்டில் பிரியாணிக்கு வெங்காயம் அரிந்தார்கள், நடு வீடுகளில் குழந்தைகளைத் தூங்கவைத்தார்கள், ஹேமலதா தன் கூடத்தில் முருகனுக்கு எதிரே நின்று வந்தவர்களுக்கெல்லாம் ரோஸ்மில்க் ஊற்றிக்கொடுத்தாள். முற்றத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில், சானியா இரண்டு கையையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா தாழ்வாரத் தூணைத் தொட்டுப் பார்த்து, "இந்த மாதிரி வீட்டை இந்தக் காலத்துல யாரு வெச்சிருக்காங்க," என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், மர்தானா இருந்த இடத்தில், கம்பிகளுக்கும் ஜல்லிக் குவியலுக்கும் நடுவே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயசீலனையும் நயீம் அழைத்திருந்தான். பாட்டு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிற இடைவெளியில், பூசாத அந்தச் சுவரைத் தாண்டி மாப்பிள்ளையின் அப்பா கேட்பது குர்ஷித்தின் காதில் விழுந்தது.

"எங்க பாய், வீட்டக் காட்றேன்னு சொன்னீங்களே, எங்க இருக்குது?"

குர்ஷித் கையிலிருந்த மெஹந்தித் தட்டைக் கீழே வைக்காமல் நின்றாள். நயீம் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

"உள்ள இருக்குது," என்றான் நயீம். "எங்க ஆபாகிட்ட."

குர்ஷித் தட்டை சானியாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த பாட்டை ஆரம்பிக்கச் சொன்னாள்.